எந்த மேசையில் முதலிடம்?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பிதழில், கரியமில வாயுவை அதிகம் உறிஞ்சும் தாவரங்களை வரிசைப்படுத்தி ஒரு பட்டியல் போட்டிருந்தீர்கள். முதலிடம் பிடித்ததற்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கிரீடப் படம். பட்டியலுக்குக் கீழே ஒரு புகைப்படம்: நாற்று நடுவதற்காகச் சுத்தம் செய்த நிலம், ஓரத்தில் பிடுங்கிப் போட்ட செடிகளின் குவியல். 'பயனற்ற களைகள் அகற்றப்பட்ட நிலம்' என்று அதற்கு விளக்கம். கட்டுரையை ஒருமுறைதான் படித்தேன். படத்தை நாலைந்து முறை பார்த்தேன், கடைசியாகக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு. அந்தக் குவியலில் எனக்குத் தெரிந்தவர்கள் இருந்தார்கள்.

நான் விஞ்ஞானி இல்லை. ஒரு தாவரச் சூழலியல் ஆய்வு நிலையத்தில் 26 ஆண்டுகள் கள உதவியாளராக இருந்து ஓய்வு பெற்றவள். விதைக்கச் சொன்னதை விதைப்பது, விதைக்காமல் முளைத்ததைப் பிடுங்குவது, வெட்டுவது, பிரிப்பது, காயவைப்பது, எடை போடுவது, நோட்டில் எழுதுவது. இதுதான் என் வேலை. ஆய்வுக் கட்டுரைகளின் கடைசியில் நன்றி சொல்லும் பத்தியில் சில சமயம் என் பெயர் வரும், சில சமயம் வராது. ஆனால் 'எந்தச் செடி சிறந்தது?' என்ற கேள்வியோடு கால் நூற்றாண்டு குனிந்தே காலம் தள்ளியவள் என்ற முறையில், அந்தக் கிரீடத்தைப் பற்றி எனக்குச் சொல்ல ஒன்று இருக்கிறது.

எங்கள் நிலம் சதுரம் சதுரமாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஒரு சதுரத்தில் ஒரே வகைச் செடி. பக்கத்துச் சதுரத்தில் இரண்டு, அடுத்ததில் நாலு, எட்டு, பதினாறு. எந்தச் சதுரத்தில் எது வரவேண்டும் என்பதைச் சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். வேண்டியவரை வேண்டிய இடத்தில் வைத்து முடிவைத் தங்களுக்குச் சாதகமாக்கிக்கொண்டதாக யாரும் பேசிவிடக் கூடாது என்பதற்காக. அதன்பிறகு ஆண்டு முழுக்க ஒரே போராட்டம், ஏனென்றால் செடிகளுக்கு அந்தச் சீட்டு தெரியாது. பக்கத்திலிருந்து விதை பறந்து வரும், வேர் ஊர்ந்து வரும். மண்டி போட்டுப் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். என் முழங்கால் இன்றைக்கும் மழை வருவதற்கு முன்னால் அதைச் சொல்லும்.

அறுவடை என்றால் 20 சென்டிமீட்டர் அகலம், 50 சென்டிமீட்டர் நீளமுள்ள ஓர் இரும்புச் சட்டத்தைத் தரையில் வைத்து, அதற்குள் இருப்பதை மட்டும் கத்தரிப்பது. பிறகு நிழலில் உட்கார்ந்து வகை வகையாகப் பிரித்துக் காகித உறையில் போட்டு, 70 டிகிரி சூட்டில் இரண்டு நாள் அடுப்பில் காயவைத்து எடை போடுவோம். இந்த எடை மேசையில் ஏறக்குறைய ஆண்டுதோறும் ஜெயித்தது கொழுக்கட்டைப்புல். உறை மூடாத அளவுக்கு வரும். உங்கள் பட்டியலைப் போட்டவர் எங்கள் நிலையத்துக்கு வந்து இந்த மேசையை மட்டும் பார்த்திருந்தால் கிரீடத்தை அதற்கே கொடுத்திருப்பார்.

அடுத்த கொட்டகையில் வேர் கழுவும் தொட்டி. உருளைக் குழாயை அடித்து இறக்கி மண்ணை உருவி எடுத்து, சல்லடையில் கொட்டித் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவினால் வேர் மட்டும் நிற்கும். கழுவக் கழுவ மண் விடாத குழாய் அருகம்புல்லுடையது. தரையோடு ஓடும் தண்டும், அதன் கணுவுக்குக் கணு இறங்கும் நார்வேரும் மண்ணைத் துணி தைத்ததுபோல் இழுத்துப் பிடித்திருக்கும். ஒரு குழாய்க்கு முக்கால் மணி நேரம் போய்விடும், எரிச்சலாக வரும். ஆனால் சரிவில் பூவாளியால் மழைபோல் தண்ணீர் ஊற்றி, கீழே ஓடி வரும் நீரைப் பிடித்துப் பார்க்கும்போது, அருகம்புல் சதுரத்துக்குக் கீழே வைத்த வாளியில் தண்ணீர் தெளிவாக இருக்கும். எடையில் கொடி நாட்டிய கொழுக்கட்டைப்புல் குத்துக் குத்தாக வளர்வது. குத்துக்கும் குத்துக்கும் நடுவே தரை வெறிச்சென்று கிடக்கும், அதன் வாளி கலங்கித்தான் இருக்கும்.

கொழிஞ்சியைத் தோண்டினால் வேரில் மணி மணியாக முடிச்சுகள். ஒன்றை நகத்தால் கீறிப் பார்த்தால் உள்ளே இளஞ்சிவப்பு. வேலைக்குப் புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் காட்டுவது அதைத்தான். அந்த நிறத்துக்குக் காரணம் நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபினின் உறவுக்காரப் புரதம், பெயர் லெக்ஹீமோகுளோபின். முடிச்சுக்குள் குடியிருக்கும் பாக்டீரியா காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி உண்ணும் வடிவத்துக்கு மாற்றுகிறது. அந்த வேலைக்கான நொதி ஆக்சிஜன் பட்டால் கெட்டுவிடும். பாக்டீரியாவுக்கோ மூச்சு விட ஆக்சிஜன் வேண்டும். அதனால் இந்தச் சிவப்புப் புரதம் ஆக்சிஜனைக் கையில் பிடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கிறது. உள்ளே வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சு வேலை செய்யவில்லை என்று எழுதிக்கொள்வோம். அவரைக் குடும்பத்துச் செடிகள் நைட்ரஜனைச் சேர்ப்பது இந்த முடிச்சுகளால்தான் என்பதை 1880களில் ஜெர்மனியில் ஹெல்ரீகலும் வில்ஃபார்த்தும் நிறுவினார்கள். எங்கள் புற்கள் ஒன்றுக்கும் இந்த முடிச்சு கிடையாது. கொழிஞ்சி பக்கத்தில் நின்ற சதுரங்களில் அதே புல் இன்னும் கரும்பச்சையாக இருந்ததை அடுப்பில் வைக்காமலேயே கண்ணால் பார்க்கலாம். அப்படியானால் எடை மேசையில் புல்லின் பெயரில் ஏறிய கிராம்களில் எத்தனை கொழிஞ்சியின் உபயம்? அந்தக் கணக்கு உறையின் மேல் எழுதப்படுவதில்லை.

அப்புறம் மட்கும் வேலை. காய்ந்த இலைகளை எடை பார்த்து நைலான் வலைப் பையில் போட்டு மண்ணில் புதைத்து, மாதக் கணக்கு வைத்துத் தோண்டி எடுப்போம். தேயிலைப் பை புதைத்தும் பார்த்தோம். வேடிக்கையாகத் தெரியலாம், ஆனால் 2013இல் வெளியான முறைப்படியான சோதனை அது. பச்சைத் தேயிலைப் பை ஒன்று, ரூய்போஸ் என்ற தென்னாப்பிரிக்கச் செடியின் இலைப் பை ஒன்று, 90 நாள் மண்ணுக்குள். உலகத்தில் எங்கே புதைத்தாலும் உள்ளே இருக்கும் சரக்கு ஒன்றுதான் என்பதால் இந்த ஊர் மண்ணையும் அந்த ஊர் மண்ணையும் ஒப்பிட முடியும். எங்கள் இலைப் பைகளில் கொழிஞ்சி இலை சீக்கிரம் காணாமல் போய்விடும், புல்லின் இலை அப்படியே கிடக்கும். சீக்கிரம் மட்குவது நல்லது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு வெயில் காலத்தில் மண் வெப்பமானி வைத்துப் பார்த்தபோதுதான் புரிந்தது. மட்காமல் கிடந்த புல் சருகுக்குக் கீழே மண் குளிர்ந்திருந்தது. சருகு கரைந்துபோன சதுரத்தில் மேல்மண்ணில் கை வைக்க முடியவில்லை. ஒரு இலை மண்ணுக்குச் சோறு போடுகிறது, இன்னொன்று போர்வை போர்த்துகிறது. இரண்டையும் ஒரே இலை செய்வது கஷ்டம்.

ஏன் கஷ்டம் என்பதற்கு விஞ்ஞானிகள் நல்ல விளக்கம் வைத்திருக்கிறார்கள். 2004இல் 175 இடங்களிலிருந்து 2,548 தாவர வகைகளின் இலைகளை அலசி ஒரு கட்டுரை வந்தது. உலகத்து இலைகள் எல்லாமே ஒரு கோட்டின் மேல் எங்கோ ஓரிடத்தில் உட்கார்ந்திருக்கின்றன. ஒரு முனையில் மெல்லிய, சத்து மிகுந்த, வேகமாக உணவு தயாரித்துச் சீக்கிரம் உதிரும் இலை. மறுமுனையில் தடித்த, சத்து குறைந்த, மெதுவாக உழைத்து நீண்ட நாள் நிற்கும் இலை. முதல் வகை வேகமாக வளரும், பூச்சிக்கும் ருசிக்கும், விழுந்ததும் மட்கும். இரண்டாவது வகை இவை மூன்றிலும் பின்தங்கும், ஆனால் தாங்கும், மூடும். இலையின் ஒரே குணம் நாலு வேலைகளில் ஒரே சமயத்தில் கை வைக்கிறது, சிலவற்றில் நல்லதாக, சிலவற்றில் கெட்டதாக. செடியை ஒரு வேலைக்காக மட்டும் தேர்ந்தெடுப்பதாக நாம் நினைத்துக்கொள்கிறோம். மற்ற வேலைகளையும் சேர்த்துத்தான் தேர்ந்தெடுத்திருப்போம், தெரியாமல்.

பூ எண்ணும் வேலை எனக்குப் பிடித்தது, உட்கார்ந்து செய்யலாம் என்பதால். ஒரு சதுர மீட்டருக்கு முன்னால் பத்து நிமிடம் அசையாமல் இருந்து, எந்தப் பூவுக்கு எத்தனை தேனீ, எத்தனை வண்ணத்துப்பூச்சி என்று கோடு போட வேண்டும். தும்பை இருந்த சதுரத்தில் கோடு போட்டுக் கை வலிக்கும். கொழுக்கட்டைப்புல் சதுரத்தில் பத்து நிமிடமும் சும்மா இருப்பேன். புல்லுக்கு மகரந்தம் சுமக்கக் காற்று போதும், தேனீக்கு அது தேன் வைப்பதில்லை. எடை மேசையில் தும்பையின் உறை காலி உறைபோல இருக்கும். ஊதினால் பறந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்திவிட்டுத்தான் எடை போடுவோம்.

இந்த எண்கள் எல்லாவற்றையும் பெரிய தாளில் எழுதிக் கொட்டகைச் சுவரில் ஒட்டியிருந்தோம். இடப்பக்கம் செடிகளின் பெயர், மேலே வேலைகளின் பெயர். ஒவ்வொரு வேலைக்கும் முதலில் வந்ததைச் சிவப்பு மையால் வட்டம் போடுவோம். சிவப்பு வட்டங்கள் ஒரே வரிசையில் வந்ததை நான் ஒரு ஆண்டுகூடப் பார்த்ததில்லை. தாள் முழுக்கச் சிதறிக் கிடக்கும். அடுத்த ஆண்டுத் தாளில் வேறு மாதிரி சிதறிக் கிடக்கும்.

எங்கள் சுவரில் இருந்ததைப் பெரிய அளவில் கணக்குப் போட்டுக் காட்டியவர்கள் உண்டு. 1990களில் ஐரோப்பாவில் எட்டு இடங்களில் ஒரே மாதிரியான புல்வெளிச் சோதனை நடந்தது. அந்தத் தரவுகளை எடுத்து ஆண்டி ஹெக்டரும் ராபர்ட் பாக்சியும் 2007இல் ஏழு வேலைகளைத் தனித்தனியாகப் பார்த்தார்கள். ஒரு வேலைக்கு முக்கியமாக இருந்த செடிகளும் இன்னொரு வேலைக்கு முக்கியமாக இருந்த செடிகளும் ஓரளவுக்குத்தான் ஒத்துப்போயின. எனவே எத்தனை வேலைகளைக் கணக்கில் சேர்க்கிறோமோ அத்தனைக்கு, தேவைப்படும் செடி வகைகளின் எண்ணிக்கையும் ஏறிக்கொண்டே போனது. நாலு ஆண்டு கழித்து ஃபாரஸ்ட் இஸ்பெலும் குழுவினரும் 17 புல்வெளிச் சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். மொத்தம் 147 செடி வகைகள். அவற்றில் 84 சதவீதம், ஏதோ ஒரு இடத்தில், ஏதோ ஒரு ஆண்டில், ஏதோ ஒரு வேலைக்கு, ஒரு தடவையாவது கைகொடுத்திருந்தன. ஆசிரியர் அவர்களே, 'பயனற்ற' என்ற சொல்லை அச்சில் ஏற்றும் முன் அந்த 84ஐ ஒருமுறை நினைத்துப் பார்க்கக் கேட்டுக்கொள்கிறேன்.

இதை நான் பெருமையாகச் சொல்லவில்லை. எனக்கே ஒரு சூடு விழுந்துதான் கற்றுக்கொண்டேன்.

நன்றாக மழை பெய்த ஒரு ஆண்டு. சட்டத்துக்குள் புல் மண்டிக் கிடந்தது. நூற்றுக்கணக்கான உறைகள், பிரிக்க நாங்கள் மூன்று பேர். அதில் மூக்கிரட்டை என்ற ஒன்று. தரையோடு படரும், சின்ன இளஞ்சிவப்புப் பூ, ஒட்டிக்கொள்ளும் காய். ஒரு சட்டத்துக்கு ஒன்றோ இரண்டோ இலைதான் தேறும். என்னோடு வேலை பார்த்த சின்னப் பெண் கேட்டாள்: "அக்கா, ரெண்டு கிராம்கூட இல்லை, மற்றவையில போட்டுடட்டுமா?" 'மற்றவை' என்று ஒரு பொது உறை உண்டு, உடைந்த துணுக்குகளுக்காக வைத்தது. போடு என்றேன். அந்தப் பருவம் முழுக்க மூக்கிரட்டையும் அதைப்போல் இன்னும் இரண்டு சில்லறைச் செடிகளும் 'மற்றவை'க்குள் போயின. வேலை நாலு நாள் முன்னதாக முடிந்தது. எனக்கு நிம்மதி.

அடுத்த ஆண்டு மழை ஏமாற்றியது. அதற்கடுத்த ஆண்டும். அருகம்புல் காவி நிறத்துக்குப் போய்விட்டது. தும்பை முளைக்கவே இல்லை. பல சதுரங்களில் பச்சையாக மிச்சம் இருந்தது மூக்கிரட்டை மட்டும். கீழே தடித்த கிழங்குபோல் ஒரு வேர் வைத்திருக்கிறது அது. ஈரமான காலத்தில் எங்களுக்குத் தெரியாமல் அங்கே சேமித்ததை எடுத்துத் தழைத்துக்கொண்டிருந்தது. அந்த இலையைத் தின்ன, வாலில் கொம்பு வைத்த பருந்து அந்துப்பூச்சிப் புழுக்கள் வந்தன. புழுவைத் தேடிக் குருவி வந்தது. மண்ணுக்கு மேல் அந்தக் கோடையில் இருந்த ஒரே நிழல் அதன் இலைதான். ஆய்வுத் தலைவர் வந்து, "இது முன்பு எவ்வளவு இருந்தது? வறட்சியில் எத்தனை மடங்கு ஏறியிருக்கிறது?" என்று கேட்டார். நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அந்த ஆண்டுப் பக்கத்தில் மூக்கிரட்டைக்கு நேரே ஒரு கோடு இருந்தது. அவர் ஒன்றும் சொல்லவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. அன்றிலிருந்து 0.01 கிராம் இருந்தாலும் தனி உறை.

இதற்குக் 'காப்பீடு' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். ஷிகியோ யாச்சி, மிஷெல் லோரோ என்ற இருவர் 1999இல் இதைக் கணிதமாகவே எழுதினார்கள். இன்றைக்கு வேலையில்லாமல் ஓரத்தில் நிற்பதுபோலத் தெரியும் செடி, சூழல் மாறும்போது மற்றவர் விட்ட வேலையை எடுத்துக்கொள்கிறது. காப்பீட்டுத் தவணையும் விபத்து நடக்காத வரைக்கும் வீண் செலவாகத்தான் தெரியும்.

புதுக் கண்டுபிடிப்பு என்றும் இதைச் சொல்ல முடியாது. பல இனப் புற்களைக் கலந்து விதைத்த நிலத்தில், ஒரே இனத்தை விதைத்ததைவிட அதிகச் செடிகளும் அதிக எடைப் புல்லும் கிடைக்கும் என்று டார்வின் 1859இலேயே எழுதிவிட்டார். அதற்கு முன்பு இங்கிலாந்தின் வோபர்ன் அபேயில் ஜார்ஜ் சிங்க்ளேர் என்ற தோட்டக்காரர் போட்ட புல் பாத்திகள்தான் டார்வினின் அந்த வரிக்கு ஆதாரமாக இருந்தன. தோட்டக்காரர் என்பதை அழுத்தியே சொல்கிறேன், எங்கள் இனம். அதே நாட்டில் ரோதாம்ஸ்டெட்டில் 1856இல் தொடங்கிய 'பார்க் கிராஸ்' சோதனை இன்றும் நடந்துகொண்டிருக்கிறது. நைட்ரஜன் உரத்தைத் தொடர்ந்து கொட்டிய பாத்திகளில் காய்ந்த புல்லின் எடை ஏறியது, செடி வகைகளோ ஒவ்வொன்றாகக் கழன்று விழுந்தன. உரமே போடாத பாத்திகளில் எடை குறைவு, வகைகள் ஏராளம். எடை என்ற ஒரு பத்தியை மட்டும் பார்த்துக்கொண்டு போனால் என்ன நடக்கும் என்பதை 150 ஆண்டுக்கு மேலாக அந்த வயல் காட்டிக்கொண்டிருக்கிறது.

வாதம் இல்லாமலும் இல்லை. அமெரிக்காவில் மினசோட்டா மாநிலத்து சீடர் கிரீக்கில், 1988 வறட்சியின்போது வகைகள் அதிகமிருந்த பாத்திகள் குறைவாகவே பாதிக்கப்பட்டன என்று டேவிட் டில்மனும் ஜான் டவுனிங்கும் 1994இல் எழுதியபோது பலர் மறுத்தார்கள். அந்தப் பாத்திகளில் வகைகள் குறைந்ததே உரம் போட்டதால்தானே, அப்புறம் வறட்சியில் வாடியதற்குக் காரணம் வகைக் குறைவா, உரமா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேட உதவியது, அங்கே சீட்டுக் குலுக்கி விதைத்து நடத்திய பெரிய சோதனை. ஜெர்மனியின் யேனாவில் 2002 முதல் 60 வகைச் செடிகளை வைத்து இன்னொன்று நடக்கிறது. சீடர் கிரீக்கில் ஆண்டுகள் ஏற ஏற, வகை அதிகமான பாத்திக்கும் குறைவான பாத்திக்கும் இருந்த இடைவெளி சுருங்கவில்லை, அகன்றது. முதல் இரண்டு மூன்று ஆண்டுகளில் 'இது இல்லாவிட்டால் அது செய்யும்' என்று தோன்றிய செடிகள், நாள் போகப் போக ஒன்றுக்கொன்று மாற்று இல்லை என்று தெரியவந்தது. நாற்று நட்டு முதல் ஆண்டு நிழற்படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு இந்தச் சேதி பிடிக்காது.

ஒரு செடி ஒரு வேலை என்று நான் சொல்வதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒருவராகவே ஒரு வட்டாரத்தைத் தூக்கிப் பிடிப்பவர்களும் உண்டு. குளிர்நாட்டுச் சதுப்புகளில் ஸ்பேக்னம் என்றொரு பாசி இருக்கிறது. அதன் செத்துப்போன செல்கள் தண்ணீரைக் குடம்போல் பிடித்து வைக்கின்றன, தன் எடையைப்போலப் பல மடங்கு. தன்னைச் சுற்றியுள்ள நீரை அமிலமாக்குகிறது. அமிலத்திலும் ஈரத்திலும் எதுவும் சரியாக மட்காது, படிவு படிவாகச் சேர்கிறது. பீட் என்று அதற்குப் பெயர். பீட் நிலங்கள் உலகின் தரைப்பரப்பில் ஏறத்தாழ 3 சதவீதம்தான், ஆனால் உலகக் காடுகளின் மரஞ்செடிகள் எல்லாவற்றிலும் இருப்பதைவிட அதிகமான கரி, அதாவது கார்பன், அங்கே புதைந்திருக்கிறது. உங்கள் பட்டியலில் ஒரு பாசியும் இல்லை. மெதுவாக வளர்வதால் அது எடை மேசையில் எடுபடாது.

கிழக்கு வட அமெரிக்காவில் ஹெம்லாக் என்ற ஊசியிலை மரம். அடர்ந்த நிழல் போட்டு ஓடைகளைக் கோடையிலும் குளிர்ச்சியாக வைத்திருப்பது, குளிர்நீர் மீன்களுக்கு இடம் கொடுப்பது, மெதுவாக மட்கும் ஊசிகளால் தரையின் சத்து ஓட்டத்தையே நிதானமாக்குவது, குளிர்காலத்திலும் நீரை உறிஞ்சுவது என்று பல வேலை அதற்கு. ஜப்பானிலிருந்து வந்த சின்னஞ்சிறு சாறுண்ணிப் பூச்சி அந்த மரங்களை வரிசையாகச் சாய்த்துக்கொண்டிருக்கிறது. அந்த இடத்தில் வேறு மரம் வரத்தான் செய்கிறது. ஆனால் இலையுதிர் மரம் வந்தால் குளிர்கால நிழல் கிடையாது. எத்தனை மரம் என்று தலை எண்ணிப் பார்த்தால் நஷ்டமே தெரியாது.

இன்னொன்றையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உங்கள் கட்டுரையாளர் செய்ததையே நானும் செய்தவளாவேன். வகைகளைக் கலந்து வைத்தால் எல்லா வேலையும் உச்சத்தில் நடக்கும் என்று கிடையாது. ஆறு ஐரோப்பிய நாடுகளின் காடுகளைப் பார்த்த ஒரு குழு 2016இல் எழுதியது இதுதான்: கலப்புக் காடுகளில் பெரும்பாலான வேலைகள் நடுத்தர அளவில் ஓடுகின்றன. எல்லாம் சுமாராக நடக்க வேண்டும் என்றால் கலப்பு நல்லது. ஏதாவது ஒன்று மட்டும் உச்சத்துக்குப் போக வேண்டும் என்றால், அதற்கென்றே இருக்கும் ஒரு மரத்தை நடுகிறவர் சில சமயம் ஜெயிப்பார். சரி, அப்படி நடுகிறவர் நடட்டும். ஆனால் தான் எதைக் கேட்கிறார், எதைக் கைவிடுகிறார் என்பதையும் சேர்த்துப் பலகையில் எழுதி வைக்கட்டும்.

ஒரு வேலைக்குப் பேர்போன செடியை வேறிடத்துக்குக் கொண்டுபோனால் அதே திறமை வினையாவதும் உண்டு. எங்கள் எடை மேசை வீரர் கொழுக்கட்டைப்புல்லை மேய்ச்சலுக்காக ஆஸ்திரேலியாவுக்கும் அமெரிக்காவுக்கும் கொண்டுபோனார்கள். அமெரிக்க-மெக்சிகோ எல்லையிலுள்ள சொனோரன் பாலைவனத்தில் அது பரவி, காய்ந்து, தீக்கு விறகாகிறது. தீயே பழகாத சகுவாரோ கள்ளிகள் அதில் கருகுகின்றன. ஹவாய் எரிமலைச் சரிவுகளின் புது மண்ணில் நைட்ரஜன் அரிது, அந்த வறுமைக்கே பழகிய செடிகள்தான் அங்கே வாழ்ந்தன. முடிச்சு வைத்து நைட்ரஜன் சேர்க்கும் ஃபாயா மரம் வெளியிலிருந்து வந்து மண்ணைப் பணக்காரனாக்கியபோது, லாபம் மற்ற அந்நியச் செடிகளுக்குப் போனது. பீட்டர் விட்டூசெக் என்ற சூழலியலாளர் 1980களிலேயே இதை அளந்து எழுதினார். எந்த நிலத்தில், யாரோடு, எந்த ஆண்டில் என்று கேட்காமல் ஒரு செடிக்கு மதிப்பெண் போட முடியாது என்பதற்கு இவற்றைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரியவில்லை.

உங்களிடம் என் கோரிக்கை சின்னதுதான். பட்டியல் போடுவதை நிறுத்தச் சொல்லவில்லை, பட்டியல் இல்லாமல் ஞாயிறு இணைப்பு ஏது? அடுத்த முறை ஒரு பத்திக்குப் பதில் ஆறு பத்தி போடுங்கள். உறிஞ்சும் கரி ஒன்று, மண்ணைப் பிடிப்பது ஒன்று, நைட்ரஜன், சருகு, பூச்சிக்கு உணவு, வறண்ட ஆண்டில் தாக்குப்பிடிப்பது. ஆறிலும் முதலாவதைச் சிவப்பில் வட்டமிடச் சொல்லி வடிவமைப்பாளரிடம் கொடுங்கள். கிரீடத்தை எங்கே வைப்பது என்று அவரே உங்களிடம் வந்து கேட்பார்.

அப்புறம் அந்தப் புகைப்படம். குவியலின் இடப்பக்கம் வேரோடு கிடப்பது கொழிஞ்சி, இலை அடுக்கிலேயே தெரிகிறது. நடுவில் வெள்ளையாகத் தெரிவது தும்பைப் பூ. அடியில், வலது ஓரத்தில், தடித்த வேரோடு புரண்டு கிடப்பது மூக்கிரட்டைபோல இருக்கிறது, ஆனால் அச்சில் மை பரவிவிட்டதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பெரிய அளவில் படம் இருந்தால் அனுப்பி வைக்க முடியுமா?

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற கள உதவியாளர்,
உங்கள் நெடுநாள் வாசகி